வேன் டிரைவர் நின்ற இடம்

அட்டைப்படத்தில் இடமிருந்து மூன்றாவதாகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறானே, அவன் வேன் டிரைவர். பாட்டுக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அன்றைக்கு டிரம்ஸை ஏற்றி வந்து இறக்கியவன், அவ்வளவுதான். 'கபியாக்' குழுவின் முதல் கேசட்டில் இருபத்தைந்து வருஷமாக அவன் நின்றுகொண்டிருக்கிறான். அந்த இடம் என் புருஷனுடையது.

இதைப் பேச ஆரம்பித்தாலே எனக்கு வயிறு எரியும். என் மகள் திவினா, "அம்மா, விடும்மா" என்பாள். ஏன் விட வேண்டும்? விட்டவர்கள் எல்லாம் என்ன வாழ்ந்துவிட்டார்கள்?

என் புருஷன் பெயர் டெல்ஃபின். எங்கள் ஊர் மரிகினாவில் என் அப்பாவின் ஷூ பட்டறைக்கு சோல் ஒட்டும் வேலைக்கு வந்தவர். பட்டறை மாடியில் ஜோடி சேராமல் போன ஷூக்களைக் கொட்டி வைத்திருந்தோம். தொண்ணூற்று நான்கில் அந்தக் குவியலைச் சுவரோரம் தள்ளிவிட்டுத்தான் நான்கு பேர் வாசிக்க ஆரம்பித்தார்கள். பசை வாடையில் தலை சுற்றும், அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. கபியாக் என்றால் ஜோடியில் ஒன்று. அந்தப் பேரை வைத்தது நான். இதை ஆர்னெல் எந்தப் பேட்டியிலாவது சொல்லியிருக்கிறானா? கிடையாது.

ஆர்னெல் அடுத்த தெருக்காரன், குழுவின் பாடகன். நல்ல தொண்டை, அதை நான் மறுக்க மாட்டேன். டெல்ஃபினைவிட இரண்டு வயது சின்னவன். "குயா, குயா" என்று அண்ணன் முறை வைத்து அவரையே சுற்றிக்கொண்டிருப்பான். டெல்ஃபின் பேஸ் கிட்டார். பேசுவது குறைவு, விரலில்தான் பேச்செல்லாம்.

அவர்களுடைய அந்தக் குடைப் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் தீவுகளில் எந்தப் பிறந்தநாள் வீட்டில் பாட்டு மெஷினைப் போட்டாலும், மூன்றாவது பீருக்குப் பிறகு யாராவது அதைத்தான் பாடுவார்கள். அதன் ஆரம்பத்தில் பேஸ் மட்டும் தனியாக நடந்து வரும். அது டெல்ஃபின் சோல் அடிக்கும் சுத்தியலின் நடை. கீழே நான் தோல் வெட்டிக்கொண்டிருக்கும்போது எத்தனையோ நாள் கேட்ட நடை.

தொண்ணூற்றேழு மே மாதம் திவினாவுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவன் ஆர்னெல். பந்தியில் பன்றி வறுவல் ஆறிக்கொண்டிருந்தது. சாமியார் மூன்று தரம் கடிகாரத்தைப் பார்த்தார். ஆர்னெல் வரவில்லை. கடைசியில் என் சித்தப்பா மகன் அவனுக்குப் பதிலாக மெழுகுவர்த்தியைப் பிடித்தான்.

ஆர்னெல் எங்கே போயிருந்தான்? கேசட் அட்டைக்குப் படம் எடுக்க. கம்பெனிக்காரன் அன்றைக்குத்தான் நேரம் கொடுத்தானாம். "குயா வீட்டில் விசேஷம், தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று அவர்களே முடிவு செய்து, டிரைவருக்குக் கண்ணாடி மாட்டி நிறுத்திவிட்டார்கள். விசேஷத்துக்கு வர வேண்டியவன் அங்கே நிற்கிறான், விசேஷத்தைக் காரணம் காட்டி என் புருஷனை வெட்டிவிட்டார்கள். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் சொல்வது?

டெல்ஃபின் ஒரு வார்த்தை பேசவில்லை. முறுக்கிக்கொண்டார். நாங்கள் அதை தாம்போ என்போம். மனசு நொந்தவன் சண்டை போட மாட்டான், காரணமும் சொல்ல மாட்டான். பேச்சை நிறுத்துவான், கூடும் இடத்துக்கு வர மாட்டான். நோகடித்தவன்தான் கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்து, கிண்டல் செய்து, கெஞ்சி, இழுத்துக்கொண்டு போக வேண்டும். முதல் தடவை வந்ததும் கதவைத் திறந்துவிட்டால் அப்புறம் என்ன மரியாதை? திருப்பி அனுப்புவார்கள். அவன் மறுபடி வர வேண்டும். இது எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

டெல்ஃபின் ஒத்திகைக்குப் போகாமல் உட்கார்ந்தார். ஒலிப்பதிவுக்குப் பத்து நாள் இருந்தது. வாசல் பக்கம் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். கேட்டால், "சும்மா" என்பார்.

ஆறாம் நாள் ஆர்னெல் வந்தான். ஆமாம், வந்தான். கையில் வெண்ணெயும் சீஸும் போட்ட என்சைமாடா ரொட்டி ஒரு பெட்டி. டெல்ஃபின் மாடியில் ஷூ தைக்கும் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணி, குயா இருக்காரா?"

"இல்ல."

"மெஷின் சத்தம் கேக்குதே."

"கேக்கட்டும். உனக்கு அவர் இல்ல. என் புள்ளைய கோயில்ல நிக்க வெச்சிட்டுப் போட்டோவுக்குப் பல்லக் காட்டப் போனியே, இப்ப என்ன வந்த? வேன் டிரைவர் வாசிக்க மாட்டேன்னுட்டானா?"

"அண்ணி, சத்தியமா அது..."

"போ. வேற ஆளப் பாத்துக்கோ."

அவன் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ரொட்டியைப் பட்டறை ஆட்களுக்குப் பங்கு போட்டுவிட்டேன். டெல்ஃபினிடம் சொல்லவில்லை. நாளைக்கு வருவான், அப்போது இவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். முறை அதுதானே. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பெரிய பாடகருக்கு நான் திருப்பி அனுப்பியதில் தாம்போ வந்துவிட்டதாம்! குற்றம் செய்தவனும் முறுக்கிக்கொண்டால் யார் யாரைக் கெஞ்சுவது?

ஒரு மாதம் கழித்து ரேடியோவில் குடைப் பாட்டு வந்தது. டெல்ஃபினின் சுத்தியல் நடையை வேறு எவனோ வாசித்திருந்தான். அவர் கையில் இருந்த ஷூவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "ஒரு தடவ வந்து கூப்பிட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கைக்குழந்தையோடு என்னை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திருவிழா மேடைக்கு ஓடுகிற மனுஷன் வீட்டோடு இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கான கோபம் என் மேல்தான். மற்றதெல்லாம் ஆர்னெல் மேல்.

பிறகு கபியாக்கில் ஆட்கள் மாறியதை எண்ணி மாளாது. டிரம்ஸ்காரன் சவூதிக்குப் போனான், குழாய் பொருத்த. அடுத்த டிரம்ஸ்காரன் ஜப்பானில் ஹோட்டல் பாண்டுக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். லீட் கிட்டார் பிரசங்கியாராகிவிட்டான், இப்போது சாத்தானின் இசை என்று குடைப் பாட்டையே திட்டுகிறான். ஆர்னெலே நடுவில் இரண்டு வருஷம் தனியாகப் பாடப் போய், யாரும் சீந்தாமல் திரும்பி வந்தான். பேஸ் வாசித்தவர்கள் மட்டும் ஏழு பேர். ஒருவன் கம்பெனி முதலாளியின் மச்சான், தாளமே தெரியாது. இரண்டு பேர் கப்பலேறினார்கள். மற்றவர்கள் பெயர்கூட ஞாபகமில்லை.

எனக்கு ஞாபகம் இருப்பது என் சட்டி. பேஸ் கம்பி பழசானால் வெந்நீரில் கொதிக்க வைப்பார்கள், அழுக்கு இறங்கி மறுபடி சத்தம் தெளிவாகும். கபியாக்கில் பேஸ்காரன் விலகிவிட்டான் என்று செய்தி வரும் ஒவ்வொரு முறையும், டெல்ஃபின் அடுப்படிக்கு வந்து, நான் புளிச்சாறு வைக்கும் சினிகாங் சட்டியில் கம்பிகளைச் சுருட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பார்.

"எதுக்கு இப்ப இது?" என்பேன்.

"சும்மா. துரு ஏறுது."

கம்பியைத் துடைத்து மாட்டுவார். ஒரு வாரம் வாசலைப் பார்ப்பார். புது ஆள் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்ததும் பேஸை உறையில் போட்டு மூடுவார். ஆறு தடவை. இரண்டாயிரத்து ஒன்பதில் ஆறு பெருகி வீட்டுக்குள் வந்தபோது அந்த மனுஷன் முதலில் கூரைக்கு ஏற்றியது பேஸை. அப்புறம் மகளை. நானாகவே ஏறினேன். அன்றைக்கு அவரைத் திட்டிய திட்டில் வெள்ளமே வடிந்திருக்க வேண்டும். திட்டும்போதெல்லாம் உள்ளே ஒன்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது.

டிசம்பர் வந்தால் ஞானத்தகப்பன்கள் பரிசு கொடுக்கப் பயந்து ஒளிந்துகொள்வது இங்கே வழக்கமான வேடிக்கை. ஆர்னெல் இருபத்தைந்து டிசம்பர் ஒளிந்தான்.

போன வருஷம் முதல் கேசட்டின் வெள்ளி விழா என்று போஸ்டர் போட்டார்கள். மரிகினாவிலேயே, விளையாட்டு அரங்கத்தில். 'ஆரம்பம் முதல் இருந்தவர்கள்' என்று பழைய அட்டைப்படத்தையே பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். டிரைவருக்கு இப்போது ஆள் உயரம். டெல்ஃபின் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வந்து, "கண்ணாடி நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் கத்தியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் போஸ்டரில் டிரைவரை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு வந்தேன். பார்த்தவன் பார்த்துக்கொள்ளட்டும்.

விழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஏழாவது பேஸ்காரன் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான். செய்தி வந்த அன்றே என் சட்டி அடுப்பில் ஏறியது.

இந்த முறை ஆர்னெல் வந்தான். தொப்பை போட்டிருந்தது, முடி போயிருந்தது. கையில் அதே என்சைமாடா பெட்டி. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"ஆள் கெடைக்கலன்னதும் வழி தெரிஞ்சுதா? உன் ஞானப்பிள்ளைக்கு இருபத்தஞ்சு வயசு ஆச்சு. அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியுமாடா உனக்கு?"

அவன் என் தோளுக்கு மேலே பார்த்தான். எனக்குப் பின்னால் படியில் டெல்ஃபின் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"குயா," என்றான். "என்னைத் திட்டு. அடி. அந்தப் போட்டோ தப்புதான். ஆனா ஒரேயடியா மூஞ்சில கதவ சாத்துவீங்கன்னு நான் நெனைக்கல."

"யாரு சாத்துனா?" என்றார் டெல்ஃபின். "நீ எங்கடா வந்த?"

"வந்தேனே. இதே ரொட்டியோட. அண்ணிதான் வேற ஆளப் பாத்துக்கச் சொன்னாங்க. நீ சொல்லித்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

டெல்ஃபின் என்னைப் பார்த்தார். நான் எத்தனையோ வாதங்களை வருஷக்கணக்காகத் தயார் செய்து வைத்திருந்தேன். முறை அதுதானே, இரண்டாவது தடவை வர வேண்டியவன் அவன்தானே என்று.

"வந்தான்," என்றேன். "நான்தான் சொல்லல."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அடுப்படிக்குப் போய்ச் சட்டியிலிருந்து கம்பிகளை எடுத்தார், துணியில் சுற்றினார், பேஸைத் தோளில் மாட்டினார். ஆர்னெலோடு வேனில் ஏறிப் போனார். விழா வரைக்கும் ஒத்திகை இடத்திலேயே படுத்துக்கொண்டார்.

விழாவுக்கு நானும் திவினாவும் போனோம், கூட்டத்தோடு கூட்டமாக. குடைப் பாட்டுக்கு விளக்கை அணைத்தார்கள். இருட்டில் பேஸ் மட்டும் நடந்து வந்தது. என் பட்டறைச் சுத்தியல். அரங்கமே கத்தியது. ஆர்னெல் மைக்கில், "இந்த நடைய கண்டுபிடிச்சவர் இவர். குயா டெல்ஃபின். அட்டைல இருக்கறது எங்க வேன் டிரைவர்," என்றான். ஜனங்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடியதா இது? இதற்கா இருபத்தைந்து வருஷம்? பக்கத்தில் நின்றவன் கைதட்டாமல் போனில் படம் பிடித்தான். அவனையும் திட்டினேன்.

மறுநாள் காலையில் டெல்ஃபின் வீட்டுக்கு வந்தார். வந்தவர் நேராகப் பட்டறை மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சாப்பிடவும் இறங்கவில்லை. அந்த மௌனத்தை எனக்குத் தெரியாதா? அதன் பக்கத்திலேயே இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேனே.

சட்டியைத் தேய்த்துக் கழுவினேன். பன்றி எலும்பு போட்டு, அவருக்குப் பிடித்தமாதிரி புளிப்புத் தூக்கலாகச் சினிகாங் வைத்தேன். தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். முழங்கால் வலித்தது. கதவைத் தட்டினேன்.

"சாப்பாடு கொண்டாந்திருக்கேன்."

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"டெல்ஃபின், தப்பு என்னோடதுதான். தொறங்க."

"வேணாம். போ," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. சட்டியைக் கதவோரம் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். முதல் தடவை திறந்தால் மரியாதை இல்லை, அது எனக்கும் தெரியும். அடுப்பை அணைக்கவில்லை, அடுத்த உலைக்குத் தண்ணீர் வைத்தேன். நான் ஆர்னெல் இல்லை. மத்தியானம் மறுபடி ஏறுவேன்.