கை மாறிய உருண்டை

என் அலமாரியில் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கிறது. மூடியில் சீமைப் பெண் ஒருத்தி நாய்க்குட்டியுடன் நிற்கிறாள். பாதிப் படம் உரிந்துவிட்டது. அதற்குள் ஒரே ஒரு பொருள்விளங்கா உருண்டை. எலுமிச்சம்பழ அளவு இருக்கும். கறுத்து, ஆற்றங்கரைக் கல்லைப் போல ஆகிவிட்டது. வாசனை போய் வெகுகாலமாயிற்று. எறும்பும் அதை மதிப்பதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் நான்கு விரல்கள் அழுந்திய தடம் மட்டும் இன்னும் தெரிகிறது. என் அண்ணன் மனைவி, நான் மதினி என்று கூப்பிட்டவள், சாகும்வரை வைத்திருந்த உருண்டை இது. போன மார்கழியில் அவள் கண்ணை மூடியபின் என்னிடம் வந்தது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் அவளைப் பற்றிச் சொல்ல நினைத்ததை எழுதி வைக்கிறேன்.

அறியாதவர்களுக்காக இந்த உருண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரிசியையும் பாசிப்பயறையும் வறுத்துத் திரித்து, சுக்கும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து, கருப்பட்டிப் பாகைக் கொதிக்கக் கொதிக்க அதன் தலையில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் பிடிக்க வேண்டும். ஆறினால் பிடிபடாது. பிடிக்கிறவளின் விரல் அப்படியே பதிந்து இறுகிவிடும். மாதக்கணக்கில் கெடாது என்பதால் கடல் தாண்டிப் போகிற பிள்ளைகளுக்குத் தென்னாட்டுத் தாய்மார் இதைத்தான் கொடுத்தனுப்புவார்கள். மதினியின் தாயாருக்கு ஒருமுறை பாகில் வெந்து சுண்டுவிரல் மடங்காமல் போய்விட்டதாம். அதனால் அந்த அம்மாள் பிடித்த உருண்டையில் மூன்று தடங்கள்தான் இருக்கும்; ஒரு பக்கம் புடைத்திருக்கும். வருஷா வருஷம் தீபாவளிக்கு முன் அந்த அம்மாள் அனுப்பும் உருண்டைப் பெட்டி, இலங்கை மலைநாட்டில் நாங்கள் இருந்த பதுளைக்கு வரும். "மூணு விரல் உருண்டை வந்துருச்சு" என்று நான் கடைவாசல் வரைக்கும் கத்திக்கொண்டு ஓடுவேன். அம்மியில் வைத்துக் குழவியால் உடைத்துத்தான் தின்ன முடியும்.

எங்களுக்குப் பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை. காப்பி செத்துத் தேயிலை பிழைத்த காலம் அது. மலை முழுவதும் புதுத் தோட்டங்கள். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டுவண்டியில்தான் இறங்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பனங்காட்டுக்கு நடுவே பிறந்த மதினி, பனையே முளைக்காத இந்தக் குளிரில் வந்து விழுந்தாள். இனிப்பு என்றால் அவளுக்கு உயிர். வந்த புதிதில் ஊர் நினைப்பு வந்தால் மற்ற பெண்களைப் போல அழமாட்டாள். அதிரசம் சுட உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சிங்களப் பெண்கள் காய்ந்த இலையில் கட்டிக்கொண்டுவரும், கித்துல் என்ற மலைமரத்துக் கருப்பட்டிதான் இங்கே கிடைத்தது. அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்து, "ருசியாத்தான் இருக்கு, பாப்பா. ஆனா நம்மளத் தெரியாத ருசி" என்பாள்.

அந்தக் கருப்பட்டியில் சுட்ட அவளுடைய முதல் அதிரசம் எண்ணெயில் பிரிந்து கூழாகிவிட்டது. எங்கள் அம்மா சட்டியை எட்டிப் பார்த்து, "உங்க ஊர் அதிரசம் கரண்டியால அள்ளித் திங்கிறதா, ஆத்தா?" என்றாள்.

"இல்லங்கத்தை. இது இந்த ஊர்ப் பாகு. புது மருமக மாதிரி, சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

அம்மாவே சிரித்துவிட்டாள். பிறகு மதினி எங்கெங்கோ தேடினாள். முஸ்லிம் கடையில் விற்கும் தொதல் என்ற இனிப்பைத் தின்று பார்த்தாள். சந்தைப் பெண்களிடம் சைகையில் பேசி அவர்கள் பலகாரத்தை வாங்கிப் பார்த்தாள். கடைசியில் எப்போதாவது வண்டியில் வரும் யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியைக் கித்துலோடு கலந்து காய்ச்சியபோது பாகு படிந்தது. அந்த அதிரசத்தைத் தின்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது அவருக்கு வியாபாரம் தெரிந்தது. தோட்டத்து ஆட்கள் எந்தக் கடையில் துணி எடுப்பது என்பது அவர்களுக்குத் தலைவரான பெரிய கங்காணியின் வாயில் இருந்தது. அந்த வாய்க்கு அப்பா இனிப்புப் போட்டார். தீபாவளி தோறும் மதினி சுட்ட பலகாரம் கூடை கூடையாக நமுனுகுல மலையேறியது.

அப்பா ஆசாரக்காரர். குளிக்காமல் கடைப்பூட்டைத் தொடமாட்டார். ஊரில் ஒரு சாவு என்றால் சேதி இங்கே வந்துசேர நாளாகும். எந்த நாளிலிருந்து தீட்டுக் காப்பது என்று தெருவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அப்பாவிடம் வருவார்கள். அவர் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "காதுல விழுந்தாத்தான் தீட்டு. விழாத வரைக்கும் சாவே இல்லை."

ஒரு வருஷம் ஆவணியில், தாயார் படுத்த படுக்கையாக இருப்பதாக ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். மதினி அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அப்படி நிற்பதே பெரிய காரியம். "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துர்றேன், மாமா."

"போகாம என்னம்மா? தீபாவளிப் பலகாரம் முடியட்டும். கையோட அனுப்பி வைக்கிறேன்."

அவள் நம்பினாள். அன்றே சந்தையில் நல்ல கித்துல் கருப்பட்டியாகத் தேர்ந்தெடுத்து, துணியில் முடிந்து பரணில் வைத்தாள். தன் தாயாரின் நாக்கில் அதை வைத்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டுமாம். மாவு இடிக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சுத்தான். "எங்கம்மா மொதல்ல மூஞ்சியச் சுளிப்பா, பாப்பா. அப்புறம் இன்னொரு துண்டு கேப்பா."

ஐப்பசி மழையில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தூத்துக்குடியிலிருந்து எங்கள் கடைக்குத் துணி கொண்டுவருகிறவர் வந்து சேர்ந்தார். மதினிக்கு ஊர்க்காரர், சித்தப்பா முறை. கடையில் அப்பாவோடும் அண்ணனோடும் தணிந்த குரலில் ஏதோ பேசினார். சற்று நேரத்தில் அப்பாவும் அண்ணனும் பின்கட்டுக் கிணற்றுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார்கள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிறகுதான் பெட்டி உள்ளே வந்தது.

மதினி அடுப்படியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். ஓர் உருண்டையை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள். தன் விரல்களை அந்தத் தடத்தின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். முகர்ந்தாள். பிறகு எழுந்து நடைக்கு வந்தாள்.

"சித்தப்பா, இது எதிர்வீட்டு அத்தை பிடிச்சதுதானே? அவங்கதான் எள்ளுப் போடுவாங்க."

"ஆமாம்மா. உனக்குன்னு குடுத்துவிட்டாங்க."

"எங்க வீட்ல இந்த வருசம் சட்டி வைக்கலையா?"

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரச் சட்டி அடுப்பில் ஏறாது. அக்கம்பக்கத்தார்தான் சுட்டுக் கொடுப்பார்கள். வந்தவர் தரையைப் பார்த்தார். அப்பா முந்திக்கொண்டார்: "உங்கம்மா படுக்கையில இருக்கையில யாரும்மா பிடிப்பா? அதான் எதிர்வீட்ல குடுத்திருக்காங்க. நீ போய் மாவைப் பாரு. ஈரம் காஞ்சிரப் போவுது."

மதினி அண்ணனைப் பார்த்தாள். அவர் குடுமி அவிழ்ந்து தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் அப்போதுதான் இட்ட திருநீறு. அண்ணன் உத்தரத்தைப் பார்த்தார்.

"தலைய நல்லாத் துவட்டுங்க. ஐப்பசிக் குளிர்" என்றாள் மதினி. அடுப்படிக்குத் திரும்பினாள்.

அந்த வாரம் முழுவதும் சுட்டாள். அதிரசம், சுசியம், முந்திரிக்கொத்து. எப்போதும் முதல் ஈட்டில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எனக்கும் ஒன்று தருவாள். அந்த வருஷம் எனக்கு மட்டும் தந்தாள். அவள் வாயில் எதுவும் போடவில்லை. ஊர்ப் பேச்சும் பேசவில்லை. பாகு ஒருமுறைகூட முறியவில்லை. அப்பா குளித்து, பட்டு உடுத்தி, அந்தப் பலகாரத்தைச் சாமிக்குப் படைத்தார். கூடைகள் மலையேறின.

தீபாவளி கழிந்து கூடைகள் வெறுமையாய்த் திரும்பியபின், அப்பா மதினியைக் கூப்பிட்டு நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். அம்மா ஒப்பாரிக்குத் தயாராகக் கூந்தலை அவிழ்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"மனசத் தேத்திக்கம்மா. இப்பத்தான் சேதி வந்துச்சு. உங்கம்மா..."

"இப்பத்தானா, மாமா?"

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எதிர்வீட்டு உருண்டை வந்தா எங்க வீட்ல என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா? மத்தியானத்துல, இந்தக் குளிர்ல, ஆம்பளைங்க எதுக்குத் தலைமுழுகுவாங்க?"

"தெரிஞ்சா?" என்றார் அப்பா. "தெரிஞ்சேவா அடுப்புக்கிட்ட நின்ன? சாமிக்குப் படைச்சமேம்மா! பாவி, சாமிக்குப் படைச்சமே!"

"காதுல விழுந்தாத்தானே, மாமா, தீட்டு? என் காதுல யாரும் போடலையே."

அம்மா அவிழ்த்த கூந்தலைக் கையில் பிடித்தபடியே நின்றாள். யாரும் அழவில்லை. மதினி தானே கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். குடம் குடமாக ஊற்றிக்கொண்டேயிருந்தாள். அங்கேதான் அழுதிருக்க வேண்டும். தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை.

அம்மா தன் கடைசிக் காலத்தில் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆண்களுக்குத் தீட்டு ஒரு முழுக்கோடு போயிற்று என்று அப்பா தீர்ப்புச் சொன்னாராம். மதினிக்குச் சொன்னால், மகளுக்குரிய மூன்று நாள் தீட்டில் அடுப்புப் பக்கம் வரமாட்டாள், வந்தாலும் அழுதுகொண்டே பலகாரம் சுட மாட்டாள், கங்காணிகளுக்கு என்ன அனுப்புவது என்றாராம். இதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை என்றுதான் அம்மா கடைசிவரை சொன்னாள். இருக்கலாம். கெட்ட எண்ணம் இல்லாமலே இவ்வளவு செய்ய முடிகிறது.

அப்பா கோயில் ஐயரை வரவழைத்து, அயலார் அறியாமல் வீட்டுக்குப் புண்ணியாகம் செய்து தீட்டுக் கழித்தார். அதோடு ஊர்ப்பயணப் பேச்சும் முடிந்தது. "செத்தவளோட காரியமும் ஆயிருச்சு. இனி யாரப் பாக்கப் போறா?" என்றார் வெளியே. உள்ளே அம்மாவிடம் சொன்னது வேறு: "இந்த வாயோட இவள ஊருக்கு அனுப்பினா நம்ம மானத்தக் கடைத்தெருவுல வித்துருவா." அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நல்லவர் என்று எல்லோரும் சொல்வார்கள், நல்லவர்தான். மதினி கடைசிவரை கடல் தாண்டவில்லை. அவள் தாயாருக்காகப் பரணில் வைத்த கருப்பட்டி அடுத்த மழைக்காலத்து ஈரத்தில் உருகி, அடுப்படிச் சுவரில் கறுப்பாக ஒழுகியது. யார் இப்படி வைத்தது என்று அம்மா கத்தினாள். மதினி ஈரத்துணி எடுத்துத் துடைத்தாள்.

பலகாரம் சுட அவளை அதன்பின் விடவில்லை. அவளும் கேட்கவில்லை. கூலிக்கு ஒருவரை வைத்துச் சுட்டார்கள். கங்காணிகளில் மூத்தவர் ஒவ்வொரு வருஷமும் கடைக்கு வந்து, "என்னங்க முதலாளி, கடைசியா ஒரு வருசம் வந்துச்சே, அந்த ருசி அப்புறம் வரவே இல்லீங்களே! யாருங்க சுட்டது? அந்தக் கைக்குத் தங்க வளையல் போடுங்க" என்பார். அப்பா சிரிக்க வேண்டியிருந்தது. உயிரோடிருந்த வரை வருஷம் தவறாமல் அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

தலை நரைத்தபின் ஒருநாள் மதினியிடம் கேட்டேன், தெரிந்தும் ஏன் அன்றே கேட்கவில்லை என்று. "அவங்க சொல்ற வரைக்கும் எங்கம்மா இருக்கான்னு வச்சுக்கிட்டேன், பாப்பா. ஒரு வாரம் கூடக் கெடச்சுது. சும்மா விடுவானேன்?"

இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. ஊர்க் கருப்பட்டி ஓலைக் கொட்டானோடு கடைத்தெருவில் தொங்குகிறது. போன வாரம் என் மருமகள் திருநெல்வேலி அல்வா வாங்கி வந்தாள். இலையில் நெய் ஊறியிருந்தது. நல்ல அல்வாதான். நான் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். "இந்தத் தகரத்தை எறிஞ்சிரலாமா, அத்தை?" என்று அவள் கேட்டாள். நான் அலமாரியைச் சாத்தினேன்.

இந்த உருண்டையைப் பற்றியும் மதினியை ஒருமுறை கேட்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி பிடித்ததைப் போய் இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறீர்களே, உங்கள் அம்மா கை பட்டதில் ஒன்றை வைத்திருக்கக் கூடாதா என்றேன்.

மதினி சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு.

"அதெல்லாம் நீங்க தின்னுட்டீங்களே, பாப்பா."

தகரத்தைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் தடங்களை எண்ணிவிடுகிறேன். நான்கு இருக்கின்றன. மூன்று இருந்திருக்க வேண்டும்.