ஏழாவது முழங்கால்

இதை நான் கட்டிவிடவில்லை. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் அன்றைக்கு இந்த வலது கை தொட்டது எதை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வடக்கு நார்வேயில், ராணுவ ஹெலிகாப்டரில் எனக்கு வேலை. ஆட்களை ஏற்றுவது, எண்ணுவது, இறக்குவது. எங்கள் ஹெலிகாப்டருக்கு ஹவர்ன் என்று பெயர். கிழட்டு வண்டி. எங்களிடம் வருவதற்கு முன்னால் தெற்கே கடற்படையில் ஓடியதாம். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை. பறக்கிறதா, போதும் என்று இருந்துவிட்டேன்.

ஜனவரி மாதம். எங்கள் பக்கம் அப்போது சூரியனே எழாது. மதியம் இரண்டரை மணிக்குக் கும்மிருட்டு. மலைமேல் பயிற்சிக்குப் போன ஏழு பேரைப் புயல் வருவதற்குள் கீழே கொண்டுவர வேண்டும். பைலட் ஐவின்ட் தரையில் இறக்கினாலும் விசிறியை நிறுத்தவில்லை. அந்தக் குளிரில் நிறுத்தினால் இன்ஜின் மறுபடி கிளம்புமோ என்னவோ. கிளம்பிய பனித்தூள் கண்ணை மறைத்தது. தட்... தட்... தட்... என்ற சத்தத்தில் காதும் போச்சு.

பைலட் இருட்டில் பார்க்கிற கண்ணாடி போட்டிருப்பார், அதனால் உள்ளே விளக்குப் போடக் கூடாது. எங்கள் வழக்கம் இதுதான்: எல்லாரும் உட்கார்ந்ததும் இருட்டிலேயே ஒவ்வொருவர் முழங்காலையும் தொட்டு எண்ணுவோம்.

எண்ணினேன். ஆறு முழங்காலிலும் பனி ஒட்டியிருந்தது. ஏழாவது, கதவோரம். அதில் பனி இல்லை. சொட்டச் சொட்ட ஈரம்.

மைனஸ் இருபது குளிரில் எது ஈரமாக இருக்கும்? அப்போதே யோசித்திருக்க வேண்டும். புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. கணக்குச் சரியாக வந்ததே என்ற நிம்மதியில் கதவைச் சாத்தினேன்.

“ஏழு. எல்லாரும் ஏறியாச்சு,” என்று ஐவின்டிடம் சொன்னேன். கிளம்பினோம்.

காபி பிளாஸ்க்கைக் கைமாற்றி விட்டேன். என் காபிக்கு இன்ஜின் ஆயிலே தேவலாம் என்றார் அவர்களுடைய சார்ஜென்ட் ஹல்வார்ட். சிரித்தார்கள். பிளாஸ்க் கதவோரம் வந்தது. ஏழாவது ஆள் கை நீட்டவில்லை.

நானே நீட்டினேன். வாங்கவில்லை. ஒரு வாடை மட்டும் வந்தது. உப்பு... அழுகின கடற்பாசி... கடலுக்கும் அந்த மலைக்கும் என்ன சம்பந்தம்?

ஹல்வார்ட் என் காதருகில் கத்தினார். “ஆஸ்மண்ட் ஏன் பேசாம வர்றான்? அவன் வாய் ஓயாதே.”

கதவோரம் கை காட்டினேன். அவர் தன் சின்ன டார்ச்சைக் கையால் மறைத்துக்கொண்டு அடித்தார்.

சீட் காலி.

பெல்ட் மட்டும் பூட்டியிருந்தது. கீழே தண்ணீர் தேங்கியிருந்தது.

ஆஸ்மண்டுக்குப் பத்தொன்பது வயது. நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி அவனை மலைமேல் விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

“ஐவின்ட், தப்பா எண்ணிட்டேன். ஒருத்தன் மேலயே நிக்கறான். திருப்பு.”

“புயல் மேல வந்தாச்சு.”

“அவன் செத்துருவான்.”

ஐவின்ட் திருப்பினார்.

போகிற வழியெல்லாம் நான் அந்த சீட்டைப் பார்க்கவில்லை. பயம்.

ஆனால் கேட்டது.

சொட்... சொட்... சொட்...

ஆஸ்மண்ட் இடுப்புவரை பனியில் புதைந்து கிடந்தான். உயிர் இருந்தது. இழுத்துப் போட்டோம். கதவோரம் உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஹல்வார்ட் அவனைத் தரையில் மடியோடு அணைத்துக்கொண்டார்.

அவனுடைய இடது கையில் குளிரில் செத்துப்போன நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

“உங்க மேல தப்பில்லக்கா,” என்றான். “நான் கடைசியா கதவுகிட்ட வந்தேன். ஒரு கை நெஞ்சுல வெச்சுத் தள்ளிடுச்சு. ஈரக் கை.”

“நான் தள்ளலடா.”

“தெரியும். நீங்க அந்தப் பக்கம் குனிஞ்சு எண்ணிக்கிட்டு இருந்தீங்க.”

நேராக மெக்கானிக் ஒட்வாரிடம் போய் நின்றேன். இந்த வண்டியில் முன்னால் என்ன நடந்தது, சொல்லாமல் விடமாட்டேன் என்றேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

கடற்படையில் இருந்தபோது ஹவர்ன் ஒரு ராத்திரி கடலில் விழுந்ததாம். நீந்திக் கரையேறினவர்களை இருட்டில் தோளைத் தொட்டு எண்ணினார்களாம். எண்ணிக்கை சரியாக இருந்தது. அதனால் யாரும் தண்ணீருக்குள் தேடவில்லை. பிறகு கிரேன் வைத்துத் தூக்கியபோது கதவோர சீட்டில் ஒரு பையன் பெல்ட்டோடு இருந்தான். பெல்ட்டைப் பிடுங்கிப் பிடுங்கி அவன் நகமெல்லாம் பெயர்ந்திருந்தது.

“அப்ப கரையில அவனுக்குப் பதிலா கணக்குல நின்னது யாரு?”

ஒட்வார் ஸ்பானரை மறுபடி கையில் எடுத்தார்.

“எண்ணினவர் சாகறவரைக்கும் ஒண்ணுதான் சொன்னாராம். எல்லாத் தோளும் நனைஞ்சிருந்துச்சு. கடைசித் தோள் மட்டும் நனையல... அதுல பனி ஒட்டியிருந்துச்சு.”

அவர்கள் விழுந்தது பனியே இல்லாத ஆகஸ்ட் மாதம்.