அணைத்து வைத்த ஃப்ரிட்ஜ்

சிவப்பு மூடி போட்ட ஒரு ஊறுகாய் டப்பா. பக்கவாட்டில் ஒட்டியிருந்த மாங்காய்ப் படம் பாதி கிழிந்து, மீதி எண்ணெய் குடித்துப் பழுப்பேறிக் கிடந்தது. மாமாவை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் எனக்கு அந்த டப்பாதான் வந்து நிற்கிறது. ஒரு மனிதரை நினைத்துக்கொள்ள எவ்வளவோ இருக்கும்போது ஊறுகாய் டப்பாவாக நினைத்துக்கொள்வது மரியாதையா என்று கேட்டால், மரியாதை இல்லைதான். ஆனால் அவருக்கு நான் செய்ததும் மரியாதையான காரியம் இல்லை.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கம்மாபுரம் பக்கத்தில் வீடு. அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் டோசர் ஓட்டினார். கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைத் தள்ளி ஒதுக்குகிற ராட்சத வண்டி அது. ஒருமுறை போட்டோ காட்டினார். மஞ்சள் வண்டிக்கு மேலே மாமா ஒரு பொட்டு மாதிரித் தெரிந்தார். அந்தப் பொட்டின் முகத்தில் இருந்த திமிரை மட்டும் போனைப் பெரிதாக்காமலே பார்க்க முடிந்தது. அவர் மண்ணைத் தள்ள, கரி வெளியே வந்து, எங்கேயோ எரிந்து, கரண்டாகி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் தலைக்கு மேலே ஃபேனாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது ஒரு போன்.

என் வேலை அண்ணாமலை நகரில், மாணவர்கள் தங்குகிற ஒரு லாட்ஜில் மேனேஜர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் வராவிட்டால் திட்டு வாங்குவதற்கு என்று ஏற்படுத்திய பதவி. தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவேன். மூன்று வருடத்துக்கு முன்னால், சுற்றுச்சூழல் படிக்கிற ஒரு மாணவர் சாவி கொடுக்க வந்தவர் உட்கார்ந்து, என்ன சாப்பிடுகிறேன், எதில் போகிறேன், வீட்டில் எத்தனை மின்சாதனம் என்று வரிசையாகக் கேட்டுப் போனில் அழுத்தினார். கடைசியில் திரையில் ஒரு பாதம் வந்தது. பூமிக்கு நான் கொடுக்கிற தொல்லையாம். கணுக்கால் வரைக்கும் சிவப்பு. "சின்னச் சின்னதா மாத்திக்கிட்டாலே போதும் சார்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார். நான் என் செருப்புக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு வாளியில் குளியல். பரோட்டாக் கடைக்குத் தூக்கு. சால்னாவைக் கவரில் கட்ட வந்த மாஸ்டரிடம் தூக்கை நீட்டினால், "வீட்ல விசேஷமா சார்?" என்று கேட்டு, பாவம் பார்த்துக் கூடுதலாக இரண்டு கரண்டி ஊற்றுவார். சார்ஜரை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கி, ஒரு நாள் என் மனைவி பார்த்துக்கொண்டிருந்த சீரியலையும் பிடுங்கினேன். "பூமியக் காப்பாத்துறதுக்கு முன்னாடி உங்களக் காப்பாத்திக்குங்க" என்றாள். லாட்ஜில் மாடிக்கு மாடி நோட்டீஸ் ஒட்டினேன். அதற்குச் செலவான காகிதத்தைப் பற்றி யாரோ பேனாவில் கீழேயே எழுதி வைத்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மாமாவும் அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், இரண்டு வாரத்துக்கு. மாமாவுக்குச் சர்க்கரை. மாத்திரைக்குக் கட்டுப்படாமல் அப்போதுதான் இன்சுலின் ஆரம்பித்திருந்தார்கள். டோசர் ஓட்டுகிறவர்களுக்கு வருடா வருடம் நடக்கும் மெடிக்கல் செக்கப் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் சர்க்கரை இறங்கவில்லை என்றால் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். கடலூர் டாக்டர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்து மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்றதால் ஜாகை எங்கள் வீடு.

வந்த அன்றே மாமாவுக்கும் போனில் அந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்த்தேன். ஏசி இல்லை, கார் இல்லை, பிளேனைக் கம்மாபுரம் வானத்தில் பார்த்ததோடு சரி. அவர் பாதம் குழந்தைப் பாதம் மாதிரி வந்தது. என்ன வேலை என்று அந்தப் போன் கேட்கவே இல்லை. நான் குழம்பிப் போனேன். தினமும் மலை மாதிரி மண்ணைத் தள்ளிக் கரியை வெளியே விடுகிற மனிதருக்குச் சின்னப் பாதம். தூக்கில் சால்னா வாங்குகிற எனக்குக் கணுக்கால் வரைக்கும் சிவப்பு. நான் எழுந்து போகும்போதெல்லாம் ஃபேனை நிறுத்துவதைப் பார்த்து மாமா சிரிப்பார்.

"இன்னா மச்சான், நீ பாட்டுக்கு எல்லாத்தையும் நிறுத்திட்டா நான் எதுக்குடா வெய்யில்ல மண்ணத் தள்ளிட்டுக் கெடக்கறேன்? என் பொழப்புல கைய வெக்கிறியே!"

விளையாட்டுக்குச் சொன்னார்.

இன்சுலின் போடுவது வெளியே தெரியக்கூடாது என்பதில் மாமா கறாராக இருந்தார். எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஒருவன் அதே கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தான். அவன் அம்மா ஐஸ்கட்டிக்கு எங்கள் ஃப்ரிட்ஜைச் சொந்த ஃப்ரிட்ஜ் மாதிரித் திறக்கிறவர். அதனால், பேனா மாதிரி இருக்கும் ஊசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதில் போடுகிற மருந்துக் குழாய் தீர்ந்தால் மாற்ற, புதிதாக வாங்கிய இரண்டு குழாய்களைக் கழுவிய ஊறுகாய் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒளித்தார். இது அக்காவுக்கும் என் மனைவிக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் எதிர்வீட்டில் போய் நகைச்சுவையாக அவிழ்த்துவிடுவேன் என்று பயம். நியாயமான பயம்தான். எதையும் சிரிப்பாக்காமல் என் வாய் சும்மா இருந்ததில்லை.

மே மாதம். லாட்ஜில் அறைகள் காலி. இரண்டு நாள் வந்து தங்குங்கள், சிதம்பரம் கோயிலுக்குப் போகலாம், பிச்சாவரத்தில் படகில் போகலாம் என்று எல்லோரையும் கிளப்பினேன். சனிக்கிழமை காலை, பாலையும் மாவையும் என் மனைவி எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள். மூன்று பேரும் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். வீட்டைப் பூட்டுகிற சாக்கில் நான் மட்டும் உள்ளே. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். இரண்டு தண்ணீர் பாட்டில், கொஞ்சம் கறிவேப்பிலை, ஒரு ஊறுகாய் டப்பா. ஊறுகாய் கெடாது. இந்த மூன்றுக்காக இரண்டு நாள் கரியை எரிக்க வேண்டுமா? மெயின் சுவிட்சையே அணைத்தேன். அந்த நிமிடம் கம்மாபுரத்தில் ஒரு கூடைக் கரி பூமிக்குள்ளேயே படுத்து நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது போல எனக்கு ஒரு சந்தோஷம். யாரிடமும் சொல்லவில்லை. கரண்ட் பில் வரும்போது சொல்லி அசத்த வேண்டும் என்று திட்டம்.

சிதம்பரத்தில் தெருவோரம் பண்ருட்டிப் பலா. சுளைகளைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் விடுவேனா? கவரே வேண்டாம் என்று ஒரு முழுப் பழத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். சட்டையெல்லாம் பால். லாட்ஜில் நான்கு பேர் உட்கார்ந்து வெட்டினோம். வீணாக்கக்கூடாது என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா "ஒரே ஒரு சொளதான்" என்று சாப்பிட்டார். அக்கா பார்க்காதபோது அவர் முன்னால் இருந்த கொட்டைகள் ஒவ்வொன்றாக என் முன்னால் நகர்ந்து வந்தன. கடைசியில் என் குவியலைப் பார்த்த அக்கா, "ஏன்டா, நீ மனுசனா மாடா?" என்றாள். மீந்த பாதியை வீட்டுக்குத் தூக்கி வந்தோம். அது செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஓடியது.

ஞாயிறு சாயங்காலம் நான் முதலில் உள்ளே ஓடி மெயினைப் போட்டேன். ஃப்ரிட்ஜுக்குக் கீழே ஐஸ் உருகிக் குளம். துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போது மாமா பின்னால் வந்து நின்றார். ஃப்ரிட்ஜைத் திறந்து ஊறுகாய் டப்பாவைக் கையில் எடுத்தார். சற்று நேரம் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். மனிதருக்கு ஊறுகாய் மேல் என்ன இவ்வளவு பாசம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

புதன்கிழமை டாக்டரிடம் போனோம். சர்க்கரை இறங்குவதற்குப் பதிலாக ஏறிக் கிடந்தது. மெடிக்கல் வெள்ளிக்கிழமை. டாக்டர் கோபத்தோடு "என்ன சாப்பிட்டீங்க?" என்றார். மாமா வாய் திறப்பதற்குள் அக்கா பலாப்பழத்தை உடைத்துவிட்டாள். வெளியே வந்து அவளும் என் மனைவியும் முன்னால் நடக்க, நானும் மாமாவும் டீக்கடையில் ஒதுங்கினோம். சர்க்கரை இல்லாத டீயை ஊதிக்கொண்டே, வானிலை சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"மச்சான், ஊறுகா டப்பாவுல ஊறுகா இல்ல. என் மருந்து. அன்னிக்கிக் கைல எடுத்தேன், காச்ச வந்த கொழந்த நெத்தி மாதிரிச் சுட்டுச்சி."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "அப்பறம் ஏன் மாமா அதையே போட்டுக்கிட்டீங்க?"

"ஊசில இருந்தது அன்னிக்கே தீந்துடிச்சி. இது புதுசுடா. தூக்கிப் போட மனசு வரல. நீயுந்தான் பொழுதன்னிக்கும் எதையும் வீணாக்காத, வீணாக்காதன்னு காதுல ஊதிக்கினு இருக்க. ரெண்டு நாள்தான, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்காகிட்ட வாயத் தொறக்காத. தெரிஞ்சிது, உன்ன உரிச்சி உப்புக்கண்டம் போட்டுடுவா. பலாப்பழம்னே இருக்கட்டும்."

நான் தனியாக டாக்டரிடம் திரும்பி ஓடினேன். மருந்து கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம், இனிமேல் அதைப் போட வேண்டாம், பழமும் காரணம்தான், எது எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். புது மருந்து வாங்கினேன். இரண்டு நாளில் அது என்ன செய்துவிடும்? வெள்ளிக்கிழமை மெடிக்கலில் மாமாவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. அவ்வளவு பெரிய வண்டியில் கண் இருட்டிவிட்டால் யார் பொறுப்பு? அன்று அவர் சட்டையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் ஃபேனைப் போட்டேன். "அஞ்சுல வை" என்றார்.

இன்றுவரை எனக்கு விளங்காத கணக்கு இதுதான். மருந்தைச் சூடாக்கியது நான் காப்பாற்றிய கரண்ட். பழத்தை முழுசாக வாங்க வைத்தது நான் தவிர்த்த கவர். குற்றவாளி இரண்டில் எதுவானாலும் போலீஸ் வந்து நிற்க வேண்டியது என் வாசலில்தான். இதில் இன்னொரு சிக்கல். கான்ட்ராக்டர் மாமாவை விட்டுவிடவில்லை, மண்மேட்டில் மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிற வேலைக்கு மாற்றிவிட்டார். சம்பளம் குறைவு. ஆக, நான் ஒரு ஃப்ரிட்ஜை அணைத்ததில் ஒரு மனிதர் கரியை விட்டு வேம்புக்கும் புங்கனுக்கும் வந்துவிட்டார். அந்த மாணவரிடம், இதை உங்கள் போனில் எந்தக் கேள்விக்குக் கீழே போடுவது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அறையைக் காலி செய்துகொண்டு போனார். படிப்பு முடிந்துவிட்டதால் போனார் என்றுதான் நம்புகிறேன்.

பூமிக்கு நல்லதுதானே மாமா என்று ஒருமுறை உளறிவிட்டேன். "நல்லதுதான். டியூபப் புடிச்சிக்கினு, கொழந்தைக்கி ஒண்ணுக்கு வுடற மாதிரி நாள் பூரா நிக்கறேன். அந்தாண்ட என் வண்டிய எவனோ ஓட்றான். கியர் மாத்தத் தெரியல, சத்தத்துலயே தெரியிது" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விளக்கையும் ஃபேனையும் இன்னும் அணைக்கிறேன். நல்ல காரியம் என்பதில் இன்னும் சந்தேகமில்லை. எதற்கு நல்லது, யாருக்கு நல்லது என்று யாராவது நிறுத்திக் கேட்டால் மட்டும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கம்மாபுரம் போயிருந்தேன். அக்கா மீன்குழம்பு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ பலாச்சுளை கொடுத்தனுப்ப, அவள் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"இந்தாங்க, இதத் தின்னுதான வண்டியவுட்டு எறங்கினீங்க? நாக்க அடக்கத் தெரியாத மனுசன். இன்னிக்கி வண்டி மேல ராஜா மாதிரி இருந்திருக்கலாம்."

மூன்று வருடமாக அவள் இதைச் சொல்கிறாளாம். மாமா தலையைக் குனிந்துகொண்டு "ஆமா, என் நாக்குதான்" என்றார். கன்றுகளுக்குத் தண்ணீர் விட்ட கால்களில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், என்னையறியாமல் வாயைத் திறந்துவிட்டேன்.

"அக்கா, பலாப்பழம் இல்லக்கா. சிதம்பரம் போனமே, அப்ப ரெண்டு நாள் ஃப்ரிட்ஜ நான்தான் அணைச்சிட்டு வந்தேன். மாமாவோட மருந்து சூடாயிடிச்சி."

அக்கா கரண்டியோடு நின்றாள். என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, நீங்க சொல்லிக் குடுத்தீங்களா? உங்க மச்சான புடிச்சிப் பொய் சொல்ல வெக்கிறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார் மாமா.

"நெசமாத்தாங்கா..."

"நீ சும்மா கெட. உன் காமெடியெல்லாம் லாட்ஜுல வெச்சிக்க. கரண்ட்ட மிச்சம் புடிக்கறதுக்கு ஃப்ரிட்ஜயே அணைச்சிட்டுப் போற கிறுக்கன் எவனாவது ஒலகத்துல இருப்பானா?"

மாமா சோற்றைப் பிசைந்தபடி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்க மாட்டான்" என்றார்.

அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. அக்காவின் கண்ணில் கொஞ்சம் ஈரம். பொய் சொல்லியாவது தன் புருஷனைக் காப்பாற்றப் பார்க்கிற தம்பி என்று பெருமை போலிருக்கிறது. குழம்புச் சட்டிக்குள் கரண்டியை விட்டுத் தேடி, எப்போதும் மாமாவுக்கு வைக்கிற மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

நான் சாப்பிட்டேன்.