கிருபாவை விட்டுவிட்டுப் போன ஞாயிறு

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு புடவை, ஒரு சீப்பு, ஆதார் அட்டை. நல்ல வெயில். நான் பெற்ற பிள்ளைக்கு அன்று நாற்பத்தொரு நாள். அவள் என்னோடு இல்லை. பாஸ்டரம்மா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் எண்ணம் எனக்கு இல்லை.

இதைச் சபையார் முன் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்தால் ஆண்டவர் செய்ததையும் மறைக்க வேண்டி வரும்.

என் பெயர் ஜோதி. வந்தவாசிப் பக்கம் பிறந்தேன். ஏழாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. திருப்பூர் மில்லில் நூல் கோன் சுற்றினேன். ஓசூரில் பூப்பண்ணை, ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி கேண்டீன். எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை. ஒரு காலையில் போகத் தோன்றும், போய்விடுவேன். கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்தேன். வயிற்றில் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது வீட்டுக்காரர் சித்தூரில் வேலை என்று போனார். பிறகு போனை எடுக்கவில்லை. பாஸ்டரம்மாதான் சபைக்குப் பின்னால் இருந்த அறையைத் திறந்துவிட்டார்கள். அங்கேதான் ஜெபிக்கக் கற்றேன். கிருபா பிறந்தாள்.

பிறந்த இருபதாம் நாள் குளிப்பாட்டும்போது என் கையிலிருந்து வழுக்கிவிட்டாள். துவைக்கிற கல்லுக்கு ஒரு விரல் தூரத்தில் பிடித்துவிட்டேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவளைத் தூக்கினாலே என் கை நடுங்கியது. இவள் என் கையில்தான் சாவாள் என்று மனதில் பதிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. குளிப்பாட்டும் நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி, பாஸ்டரம்மா கையில் கொடுத்துவிடுவேன். "ஆண்டவரே, தைரியம் கொடும்" என்று தினமும் கேட்டேன். கை நடுங்குவது நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருபாவைச் சபையில் ஆண்டவருக்கென்று பிரதிஷ்டை செய்தார்கள். வேதாகமத்தில் ஒரு தாய் தவமிருந்து பெற்ற மகனை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டதைப் பாஸ்டர் பிரசங்கித்தார். பிறகு என் பிள்ளையைக் கையில் ஏந்தி, "இவள் உம்முடையவள்" என்று ஜெபித்தார். எனக்கு மூச்சு வந்தது போல இருந்தது. அப்படியானால் நானும் அந்தத் தாயைப் போல விட்டுவிட்டுப் போகலாம். இதுதான் ஜெபத்துக்குப் பதில் என்று நினைத்தேன். மத்தியானம் பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஓசூர் போய்விடலாம். முன் சீட்டில் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்துவிட்டுத் திரும்பும் ஒரு குடும்பம், மடி நிறையக் கடைப் பைகளோடு. அவர்களுடைய கைக்குழந்தை திடீரென்று வீறிட்டு அழுதது. அழுத மறுநொடி என் மார்பு கனத்துப் பால் இறங்கியது. ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடினேன். முந்தானையும் நனைந்தது.

பக்கத்தில் இருந்த பூக்காரம்மா பார்த்துவிட்டார்.

"கொழந்த எங்கம்மா?"

"வூட்ல கீது."

"எத்தினி நாளாவுது?"

"நாப்பத்தியொண்ணு."

"அடிப்பாவி! அப்ப நீ இங்க இன்னாடி பண்ணிக்கினு இருக்குற?"

கண்ணை மூடி, "ஆண்டவரே, நான் உம்மிடம் கொடுத்துவிட்டேனே" என்றேன். பால் நிற்கவில்லை. அவளுக்கு வேண்டியதை அவர் என் உடம்பில் அல்லவா வைத்திருக்கிறார்? கொடுத்தது நிஜமானால் இதை ஏன் என்னிடம் விட்டுவைத்தார்? எழுந்துவிட்டேன்.

"ஏம்மா, டிக்கெட்டு கிழிச்சாச்சு, வண்டி கெளம்புது!" என்றார் கண்டக்டர்.

"வேணாண்ணா. நீங்க போங்க."

வந்த வழியே பாதி ஓட்டம், பாதி நடை. வாசலுக்கு வரும்போதே அவள் அழுகை கேட்டது. பாஸ்டரம்மா பாலாடையால் புகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருபா எல்லாவற்றையும் துப்பியிருந்தாள்.

"எங்கடி போன? கடைக்குன்னா சொல்லிட்டுப் போவக்கூடாதா?"

வாங்கி மார்பில் போட்டுக்கொண்டேன். அவள் குடித்து முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், கை நடுங்குவது உட்பட. பாஸ்டரம்மா முதலில் சிரித்தார்கள். பிறகு கோபம் வந்தது.

"அந்தத் தாயி வுட்டது பால் மறந்த புள்ளைய. இதுக்கு இன்னும் பல்லே மொளைக்கல! பிரசங்கத்துல தூங்கிட்டியா?"

"ஆமாம்மா, கொஞ்சம் தூங்கிட்டேன்."

"கர்த்தரோட புள்ளதான். யாரு இல்லன்னா? அவரு வளக்கச் சொல்லி உன் கைல குடுத்துகிறாரு. எந்திரி, வெந்நீர் வை."

அன்று சாயங்காலம் நானே குளிப்பாட்டினேன். பாஸ்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள், தொடவில்லை. ஒவ்வொரு சொம்புக்கும் "இயேசுவே" என்றேன். கை நடுங்கியது. பிள்ளை வழுக்கவில்லை. துடைத்துத் துணி சுற்றிய பிறகுதான் அழுதேன். தைரியம் என்றால் நடுக்கம் நிற்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். நடுங்குகிற கையையே அவர் பிடித்துக்கொண்டார்.

கிருபாவுக்கு இப்போது மூன்று வயது. நான் ஓர் இடத்தில் இத்தனை நாள் இருந்தது இதுவே முதல் தடவை. இப்போதும் சில காலைகளில் போகத் தோன்றும். தோன்றினால் உடனே அவரிடம் சொல்லிவிடுவேன், மறைப்பதில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு பயப்படுகிற தாய் யாராவது இங்கே இருந்தால் அக்கா, தங்கச்சி, நீங்களும் சொல்லிவிடுங்கள். ஓடிப்போகிறவளின் ஜெபத்தையே கேட்டவர் உங்களை விட்டுவிட மாட்டார். அவருக்கே ஸ்தோத்திரம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த மறுநாள் காலையிலேயே பாஸ்டரம்மா என்னைப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். தறியில் இழைகளுக்குக் குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டைக்குள் வைக்க, சின்னக் குச்சிகளில் பட்டு நூலைச் சுற்றும் வேலை. அதைத் தார் சுற்றுவது என்பார்கள். அந்த வீட்டம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து பஸ் ஏறுனவ நீதானா? எத்தினி நாளு இருப்ப?"

"தெரிலம்மா. இன்னிக்கி இருக்கிறேன்."

"சரி, உக்காரு. புள்ளைக்குத் தூளி மாட்டுறதுக்கு அந்த உத்தரத்துல கொக்கி கீது பாரு."

தூளியைக் கட்டி, அதன் கயிற்றைக் கால் கட்டைவிரலில் முடிந்துகொண்டேன். கை ராட்டையைச் சுற்றியது, கால் தூளியை ஆட்டியது. மத்தியானத்துக்குள் மூன்று முறை பால் கொடுக்க எழுந்தேன். மூன்று முறையும் திரும்ப வந்து உட்கார்ந்தேன்.