கலவை இல்லாத சுவரும் நவதானிய முடிச்சும்

கலவையே வைக்காமல் கல்லோடு கல்லைக் கோத்துச் சுவர் எழுப்புகிறார்கள் என்று நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. எனக்கோ திருச்சியில் சின்னதாக ஒரு வீடு கட்டும் யோசனை. கண்ணால் பார்த்துவிடுவோம் என்று புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை 6.40க்குப் புதுக்கோட்டை பஸ். கீரனூரில் இறங்கி அரை மணி நேரம் காத்திருந்து, டவுன் பஸ்ஸில் குன்றாண்டார்கோவில் போய்ச் சேர 8.50. குடைவரைக் கோயிலைப் பார்த்துவிட்டு (அதைக் குடைந்தவர்களும் கலவை வைக்கவில்லைதான்!) ஆட்டோ ஏறினேன். நாலு கிலோமீட்டர், 120 ரூபாய்.

"அந்தப் பொம்மைக்கல்லு வீடா? அங்கிட்டுத்தான் போறேன், ஏறுங்க. காத்தடிச்சா என்னாகுமோ!" என்றார் ஓட்டுநர்.

அரசுத் திட்டத்தில் மலர்க்கொடி என்பவர் கட்டும் வீடு அது. கொஞ்சம் சிமென்ட் கலந்த மண்ணை மெஷினில் அழுத்திச் செய்த கல், சூளையில் சுடுவதில்லை. மேலே மேடு, கீழே பள்ளம், நடுவில் இரண்டு ஓட்டை. அடி வரிசைக்கு மட்டும் கலவை. அதற்கு மேல் அடுக்க அடுக்கப் பூட்டிக்கொள்கிறது.

நான் போன நேரம் அங்கே யார் முகத்திலும் ஈயாடவில்லை. வாசல் நிலைக்குப் பக்கத்தில் நூல் பிடித்தால் சுவர் ஒரு விரல் தூக்கி நிற்கிறது. திங்கட்கிழமை ஓவர்சியர் அளவு பார்க்க வருகிறார். அவர் குறை எழுதிவிட்டால் வேலை நின்றுவிடும். ஐப்பசி மழையை மலர்க்கொடி தன் இரண்டு மகள்களோடு தார்ப்பாய்க் கொட்டகையில்தான் கழிக்க வேண்டும்.

"ரெண்டு கரண்டி கலவை வச்சா உக்காந்துரும் தாயி," என்றார் கொத்தனார்.

"தப்பைப் பூசி மறைக்கிற சுவரில்லைங்க இது. பிரிப்போம்," என்றார் மலர்க்கொடி.

கடப்பாரையே தேவைப்படவில்லை. ஒரு கல்கூட உடையாமல் கழன்று வந்ததில் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இரண்டாம் வரிசைக்கு அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. நிலை வைத்த அன்று மலர்க்கொடியின் அண்ணன், தாய்மாமன் முறையில் செருகிய நவதானியம். அன்றைக்குக் கல்லின் பள்ளத்துக்குள் அடங்கிக் கிடந்தது, மழை ஈரத்தில் ஊறி உப்பிக் கல்லையே தூக்கிவிட்டது. பச்சைப்பயறு துணியைக் கிழித்துக்கொண்டு முளைவிட்டிருந்தது.

வம்பு அதற்குப் பிறகுதான். மலர்க்கொடி போன் போட்டதும் பைக்கில் வந்து இறங்கிய அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது.

"நான் வச்சதை எடுத்துட்டா, அப்புறம் நான் என்ன மாமன்?"

"எடுக்கலண்ணே, எடத்தைத்தான் மாத்துறேன். கல்லுல ஓட்டை இருக்கு பாரு. ஒன் கையாலயே போடு."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முடிச்சை ஓட்டைக்குள் இறக்கினார். கல்லை மறுபடி அடுக்கினார்கள். மதியம் 1.10க்கு நூல் பிடித்தார்கள், இம்மி பிசகவில்லை.

போகிறவர்களுக்கு: சாப்பாட்டைக் கீரனூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவைப்பது நல்லது. இந்தக் கல்லில் கட்டுவதென்றால் கொத்தனாருக்கு மட்டுமல்ல, சீர் செய்யும் உறவுகளுக்கும் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். நான் இந்தக் கல்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மலர்க்கொடி போன் செய்தார். "ஓவர்சியர் சரின்னுட்டாருங்க. எங்க பிரிச்சுக் கட்டுனோம்னு அவரால கண்டுபிடிக்க முடியல. எனக்கே இப்ப தெரியல. அண்ணனுக்குத்தான் தெரியுது. வரும்போதெல்லாம் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் உள்ள வருது."