தப்புப் பக்கம் போகாத வகுப்பு

இலக்கணம் சொல்லிக்கொடுப்பது என்பது, நேற்றுத் திருத்திய தவற்றையே இன்று முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்துத் திருத்துகிற தொழில். நாற்பது நோட்டுகளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன யாருக்கும் நான் இதை விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் நியமனக் கடிதத்தை அப்பா எங்கள் ஊர் ஒக்கூரில் பக்கத்து வயல்காரர்கள் எல்லோரிடமும் காட்டிவிட்டார். அதில் 'தற்காலிகம்' என்று ஒரு சொல் இருந்ததை மட்டும் நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. ஆண்டு ஆய்வுக்கு வரும் இன்ஸ்பெக்டர் என் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஏப்ரலோடு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்தப் பயத்தில்தான், பயிற்சிக் கல்லூரியில் பார்த்த 'புரோகிராம் புத்தகம்' என்ற புதுமையைக் கையில் எடுத்தேன். ஒவ்வொரு பாடப் பக்கத்திலும் ஒரு சின்ன விளக்கம், ஓர் ஆங்கில வாக்கியம், அதில் விட்டுப்போன இடத்துக்கு மூன்று விடைகள். ஒவ்வொரு விடைக்கும் எதிரே ஒரு பக்க எண். சரியான விடையைத் தேர்ந்தால் அந்த எண் அடுத்த பாடத்துக்குக் கூட்டிப்போகும். தவறானதைத் தேர்ந்தால், போய்ச் சேரும் பக்கம் 'இது தவறு' என்று சொல்லி, ஏன் தவறு என்று தமிழில் விளக்கி, பழைய பக்கத்துக்கே திருப்பி அனுப்பும். வெளிநாட்டில் இதை இயந்திரத்தில் செய்கிறார்கள் என்றார்கள். நமக்குக் காகிதம்.

செயலாளர் கேட்ட சந்தேகம்

நாற்பது பிரதிகள் வாங்கச் சம்மதம் கேட்டு, கானாடுகாத்தானில் பள்ளிச் செயலாளர் செட்டியாரின் வீட்டுக்குப் போனேன். அவர் உட்காரச் சொன்னார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன். பிள்ளைகள் தங்கள் வேகத்தில் படிப்பார்கள், புத்தகமே கேள்வி கேட்கும், புத்தகமே திருத்தும், ஆசிரியர் குறுக்கே வரவே வேண்டியதில்லை. பேச்சு நன்றாக வந்துகொண்டிருந்ததால் கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை வேறு சொன்னேன்.

அவர் வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "வாங்கிருவோம் தம்பி. புத்தகமே எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துரும்ங்கிறீக. அப்ப நீங்க எதுக்கு இருக்கீக?"

தலைமையாசிரியர் வரிசையாகப் படித்தார்

புத்தகங்கள் வந்ததும் தலைமையாசிரியர் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனார். எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். புத்தகம் படிக்க எனக்குக் கற்றுக்கொடுக்கிறாயா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். நானும் விட்டுவிட்டேன், என் தப்புதான்.

அவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டாம் பக்கம் போயிருக்கிறார். 'இது தவறு. நீ அவசரப்பட்டுவிட்டாய்.' மூன்றாம் பக்கம்: 'இதுவும் தவறு. விளக்கத்தை மறுபடி கவனமாகப் படி.' நாலாம் பக்கத்தில் சம்பந்தமில்லாமல் வேறு பாடம். ஐந்தில் மறுபடியும் தவறு. திங்கட்கிழமை காலை, பிரார்த்தனை முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டார். புத்தகத்தை மேசைமேல் வைத்து என் பக்கமாகத் தள்ளினார். "முப்பது வருசம் சர்வீஸ் தம்பி. இத்தனை பக்கத்துக்கு என்னைத் தப்பு தப்புன்னு யாரும் சொன்னதில்லை."

ஓர் அப்பாவின் முறையீடு

பிள்ளைகள் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நானே தாராளமாகச் சொல்லிவைத்திருந்தேன். அடுத்த வாரம் ஒருவர், கடலைக் காட்டிலிருந்து நேராக வந்தவர்போல் காலெல்லாம் செம்மண்ணோடு, வகுப்பு வாசலில் நின்றார். மகன் புத்தகத்தை முன்னால் புரட்டுகிறானாம், பின்னால் புரட்டுகிறானாம், படித்த பக்கத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறானாம். புத்தகமே அப்படித்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். என் படிப்பின்மேல் மரியாதை வைத்துக் கேட்டார், அதுதான் கஷ்டமாக இருந்தது. முடித்ததும் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொன்னாச் சரிதான் சார். ஆனா அவன் படிக்கிறானா, தொலைச்சதத் தேடுறானான்னு எனக்குத் தெரியமாட்டேங்குது. நேராப் போற புத்தகம் ஒண்ணு குடுத்தீகன்னா தேவலை."

ஒன்பது, நாலு, பதினேழு

ஜனவரியில் அதிசயம் நடந்தது. மூன்று வாரம் பிடிக்க வேண்டிய புத்தகத்தை வகுப்பே ஒரு பீரியடில் முடித்தது. ஒவ்வொருவரும் தான் போன பக்கங்களைத் தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. தாள்களைப் பார்த்தேன். அநேகமாக யாருமே ஒரு தப்புப் பக்கத்துக்குக்கூடப் போகவில்லை. அன்று சாயங்காலமே அப்பாவுக்குக் கார்டு எழுதினேன், இன்ஸ்பெக்டர் வருகிறார், என் வகுப்பைப் பார்த்து மெச்சப்போகிறார் என்று.

மறுநாள் இடைவேளையில் தண்ணீர்ப் பானைப் பக்கம் ஒரு ராகம் கேட்டது. "ஒண்ணு, ஒம்பது, நாலு, பதினேழு, இருபத்திரெண்டு, ஆறு." வாய்ப்பாடு மாதிரி பத்துப் பேர் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தின் சரியான வழியை, பக்க எண்களாகவே, முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடம் செய்திருந்தார்கள். கேள்வியைப் படிக்க வேண்டியதில்லை, விடையைப் படிக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் டிக்கெட் வாங்கினவன் திருப்பத்தூரில் இறங்குவதுபோல் கடைசிப் பக்கத்தில் இறங்கிவிடலாம். வகுப்புக்குப் போய், புத்தகத்துக்கு வெளியிலிருந்து ஒரு கேள்வி கேட்டேன். புத்தகத்தைப் பார்த்தார்கள். இன்னொன்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தார்கள்.

வகுப்புத் தலைவன் அண்ணாமலையை எழுப்பி, ஏன்டா இப்படிச் செய்தீர்கள் என்றேன். அவனுக்கு என் கோபம் உண்மையாகவே புரியவில்லை. "தப்பான பக்கத்துக்குப் போனா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் சார் எல்லாரும் மனப்பாடம் பண்ணினோம்."

தலைமையாசிரியரின் யோசனை

ஆய்வுக்கு நான்கே நாள். தலைமையாசிரியரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். நான் சாத்தினேன். எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார்கள் என்று கேட்டார். இப்போது பதினைந்து என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "பெறகென்ன தம்பி. பதினஞ்சு நிமிசம் அவரு பாக்கட்டும், காப்பி வந்துரும். நீங்க வாயத் தொறக்காம இருந்தீகன்னா போதும்."

பின்வரிசைப் பெண்

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். சத்தம் போடாமல் பேசுவார். வகுப்பு பதினைந்து நிமிடத்தில் புத்தகத்தை முடித்தது. அவர் நாலைந்து தாள்களைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். காப்பியும் வந்தது. அதோடு போயிருக்கலாம். அவர் எழுந்து கரும்பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதி, நடுவில் ஓர் இடம் விட்டார்.  பின்வரிசையில் ஒரு கை மட்டும் உயர்ந்தது. சிவகாமி. அந்த மாதம்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். யாரோடும் பழகவில்லை, அதனால் யாரும் அவளுக்கு எண்களைச் சொல்லித் தரவில்லை. விட்ட இடத்தை நிரப்பினாள், காரணமும் சொன்னாள். இன்னும் இரண்டு வாக்கியம் எழுதினார். அதையும் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டார். "நான் இந்தப் புத்தகத்துல ஒரு தப்புப் பக்கம் விடாமப் போயிட்டு வந்திருக்கேன் சார்," என்றாள் கூச்சத்தோடு.

அவர் என் பக்கம் திரும்பி, "மற்றவர்கள்?" என்றார். தலைமையாசிரியர் உத்தரத்தைப் பார்த்தார். எனக்கு அப்பாவுக்கு எழுதிய கார்டு ஞாபகம் வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். எண்களை மனப்பாடம் செய்திருக்கிறார்கள், ஏன் தவறு என்ற விளக்கம் இருப்பதெல்லாம் தப்புப் பக்கங்களில், அங்கே இவர்கள் போனதே இல்லை, இது எனக்கு நான்கு நாளாகத் தெரியும் என்று. அவர் பேனாவை மூடினார். "தெரிந்துமா என்னைப் பதினைந்து நிமிடம் பார்க்க விட்டீர்கள்?"

அறிக்கை வந்தது

மார்ச் கடைசியில் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். போகும் வழியிலேயே, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு விதமாக யோசித்துவைத்திருந்தேன். இரண்டும் நன்றாக இல்லை. அவர் இன்ஸ்பெக்டரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எனக்காக ஒருமுறை மெதுவாகப் படித்தார். தப்புப் பக்கம் ஒன்றுவிடாமல் போய்வந்த ஒரு மாணவியிடம் இந்தப் புத்தக முறை பயன் தருவதைக் கண்டதாகவும், ஆசிரியர் குறையை மறைக்கவில்லை என்றும் எழுதியிருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "வேலையில இருங்க தம்பி, பெர்மனென்ட்டாப் போட்டாச்சு. ஆனா அந்தப் பிள்ளை தப்பு தப்பாப் போட்டுல்ல தேறியிருக்கு. வர்ற வருசம் எல்லாப் பிள்ளைகளையும் தப்பாவே போடச் சொல்லுங்க."

அடுத்த வருடம் சொல்லிப் பார்த்தேன், ஆடி பிறப்பதற்குள் தப்புப் பக்கங்களின் எண்களையும் வரிசையாக மனப்பாடம் செய்து முடித்துவிட்டார்கள்.