கலங்கிப்போன இஞ்சி பீர்

என் மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் காலமான பிறகு காரைக்குடியில் எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிறு மதியம் ஒரே ஒரு பீர் குடிப்பார். பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததும் டாக்டர் அந்த ஒரு பீரையும் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்குழம்பு கூட அவருக்கு இறங்கவில்லை. பார்க்கப் பொறுக்காமல்தான் நான் இஞ்சி பீர் போட இறங்கினேன்.

பெயரில் மட்டும்தான் பீர். இஞ்சியையும் சர்க்கரையையும் எலுமிச்சையோடு லேசாகப் புளிக்க விட்டால் நுரை கட்டும், போதை ஏறாது. நிறம் வரட்டுமே என்று நானாகக் கொஞ்சம் டீ டிக்காஷனும் ஊற்றினேன். வேட்டித் துணியில் வடிகட்டிக் கண்ணாடிப் பாட்டில்களில் அடைத்தபோது அசல் பீர் மாதிரியே பளிச்சென்று இருந்தது. ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் அத்தனை பாட்டிலும் அரிசி களைந்த தண்ணீராகக் கலங்கிக் கிடந்தது.

"பாட்டில்ல சோப்பு ஒட்டியிருக்கும்" என்றாள் மனைவி. முகர்ந்து பார்த்தேன். இஞ்சி வாசம்தான் அடித்தது.

மாமனார் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மொதல்ல நீங்க குடிங்க மாப்பிள்ளை. நல்லா இருந்தீகன்னா நான் குடிக்கிறேன்."

குடித்தேன். ருசியில் ஒரு குறையும் இல்லை. மிச்சத்தை மேசையிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அது தெளிந்திருந்தது.

"வேற பாட்டில மாத்தி வச்சிருக்கீக" என்றாள் மனைவி.

நானோ அவள்தான் மாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தோம். மறுபடி கலங்கியது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டு, கேன் தண்ணீரில் புதிதாகப் போட்டேன். பாட்டில்களை வெந்நீரில் அலசினேன். ஃபிரிட்ஜின் குளிர் குமிழைக்கூடத் திருகிப் பார்த்தேன். அந்தப் புதுப் பாட்டில்களும் கலங்கின.

மீந்த டிக்காஷனைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி மனைவி ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். அதை எடுத்தவள் சத்தம் போட்டாள். "இங்குட்டு வாங்க, இதப் பாருங்க!"

டம்ளரிலும் அதே கலங்கல். அதிலிருந்து கொஞ்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்பில் சூடாக்கினாள். தெளிந்துவிட்டது.

"டீதாங்க காரணம்!"

குளிர்ந்தால் டீ ஏன் கலங்க வேண்டும்? தினமும் நாலு வேளை அதைக் குடிக்கிற எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. டீயை விட்டுவிட்டு, சர்க்கரையைக் கருக்கி நிறம் ஏற்றினேன். அந்த ஞாயிறு, சில்லென்றும் தெளிவாகவும் ஒரு பாட்டில் மாமனார் முன்னால் வந்தது. ஒரு மிடறு குடித்தார். யோசித்தார்.

"எப்படி இருக்கு மாமா?"

"இது வெறும் இனிப்பா இருக்கு மாப்பிள்ளை. அந்தக் கலங்குன பாட்டிலு மிச்சம் இருக்கா? அதுலதான் பீரோட கசப்பு இருந்துச்சு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அதை அவர் எப்போது குடித்தார் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.